கையும் படிக்கட்டும்

‘படிப்பு’ என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? ஒரு மேசை, அதன்மேல் ஒரு புத்தகம், புத்தகத்தின்மேல் குனிந்த ஒரு தலை. கை எங்கே இருக்கிறது? ஒன்று, கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். இல்லையேல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும். அதற்குமேல் கைக்குப் படிப்பில் வேலை இல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை. ஏன் எண்ணவில்லை என்பதை இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கும், தங்கையருக்கும், எங்கள் வீட்டுப் பாட்டிமாருக்கும் எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

பொதுத்தேர்வு ஆண்டு வந்துவிட்டால் பல பள்ளிகளில் முதலில் காணாமற்போவது தையல் வகுப்பு. அடுத்தது ஓவியம். அதற்கடுத்தது விளையாட்டு. அந்த நேரமெல்லாம் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விடும். பெற்றோரும் மகிழ்வர். “பத்தாவதுல போய் ஊசியும் நூலும் எதுக்கு?” என்று எங்கள் வீடுகளிலேயே கேட்கின்றனர். கேள்வி நியாயமானதுபோல் தோன்றும். ஆனால் கை சும்மா இருக்கும்போது தலை மட்டும் நன்றாகப் படிக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கு. செய்முறைகளுள் ஒன்று, குவிலென்சின் குவியத் தொலைவைக் கண்டறிதல். தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் தலைகீழாகவும் மிகச் சிறியதாகவும் கிடைக்கும் என்று பாடநூல் சொல்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வரியை நாங்கள் ஒப்பிப்போம். ஆய்வகத்தில் லென்சைச் சன்னலுக்கு நேரே நிறுத்தி, பின்னால் வெள்ளைத் தாளை மெல்ல மெல்ல நகர்த்தினோம். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு ஒரு கலங்கல். திடீரென்று ஓரிடத்தில், மேற்கே நாள்தோறும் நாங்கள் பார்க்கிற மலைத்தொடர், நீலநிறம் மாறாமல், தலைகீழாக வந்து தாளில் நின்றது! வானம் கீழே, மலை மேலே, சன்னலோரத்து வேப்பமரம் ஆணியில் மாட்டியதுபோல் தொங்குகிறது. தாளை ஒரு விரற்கடை நகர்த்தினால் மலை கரைந்துவிடும். மீண்டும் நகர்த்தினால் திரும்பி வரும். அன்று ஆய்வகத்தில் எழுந்த கூச்சலுக்கு அடுத்த வகுப்பிலிருந்து ஆள் வந்தது தனிக் கதை.

கூச்சல் அடங்கியதும் ஒருத்தி கேட்டாள்: “சிஸ்டர், அப்படியென்றால் நம் கண்ணுக்குள்ளேயும் எல்லாம் தலைகீழாகத்தானே விழும்? பிறகு ஏன் நமக்கு நேராகத் தெரிகிறது?” கண்ணில் விழும் பிம்பத்தைப் பற்றி அதே பாடத்தில் சில பக்கம் தள்ளிச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் அதைப் படித்தும் இருந்தோம். ஆனால் அது எங்களுக்குக் கேள்வியாகத் தோன்றியது மலையைத் தாளில் பிடித்த அன்றுதான். விழித்திரையில் விழும் தலைகீழ்ப் பிம்பத்தை மூளை நேராக உணர்ந்துகொள்கிறது என்று சிஸ்டர் விளக்கியபோது, மதிப்பெண்ணுக்காக அன்றி, விடை வேண்டும் என்பதற்காகவே செவி கொடுத்தோம்.

எங்கள் கருத்தின் உயிர்நிலை இதுதான். கை வேலை செய்யும்போது வாய் கேள்வி கேட்கிறது. கேட்ட பின் வருகிற விடை மறப்பதில்லை.

மனப்பாடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாய்ப்பாட்டையும் குறளையும் மனத்தில் ஏற்றித்தான் ஆகவேண்டும். அவற்றை எந்த ஆய்வகத்திலும் செய்து பார்க்க முடியாது. நாங்கள் வருந்துவது வேறொன்றுக்காக. செய்து பார்க்க வேண்டியதையும் எழுதியே முடித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்று கேள்விப்படுகிறோம். கருவிகள் அலமாரியில் பூட்டுக்குள்ளே; செய்முறைக் குறிப்பேடு மட்டும் அட்டை போட்டுப் பளபளவென்று வெளியே. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்ற பழமொழியைக்கூட ஏட்டில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம்!

இனி எங்களை நோக்கி வரும் பெரிய மறுப்புக்கு வருவோம். இது ஆசிரியர்களிடமிருந்து வருவதன்று. எங்கள் அம்மாச்சிகளிடமிருந்து வருவது. “நாங்கதான் மண்ணுலயும் பஞ்சுலயும் கையத் தேச்சோம். நீங்களாவது கையில அழுக்குப் படாமப் படிங்கம்மா” என்பார்கள். இதற்குப் பதில் சொல்வது எளிதன்று. ஏனெனில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் எங்கள் மாவட்டத்தின் வரலாறே நிற்கிறது.

சிவகாசி இங்கிருந்து தொலைவில் இல்லை. 1922-ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தாவுக்குப் போனார்கள். மொழி தெரியாத ஊரில், தொழிற்சாலையிலேயே நின்று, பார்த்தும் செய்தும் பழகித் திரும்பி வந்து தொழில் தொடங்கினார்கள். மழை குறைந்த வறண்ட பூமி தீக்குச்சிக்கு ஏற்றதாக அமைந்தது. சிவகாசி இன்று நாடறிந்த ஊராக இருப்பது கையால் கற்ற அந்தப் பாடத்தினால்தான் என்றால் அது மிகையாகாது.

ஆனால் அதே சிவகாசியில், பின்னாளில், பள்ளிக்குப் போக வேண்டிய சின்னஞ்சிறு கைகள் தீக்குச்சி அடுக்கின, பெட்டி ஒட்டின. விடியுமுன் பேருந்தில் ஏறிப்போன குழந்தைகளைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைக் குறித்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தக் குழந்தைகளின் கைகளும் நாள் முழுதும் ‘செய்துகொண்டே’ இருந்தன. அதைக் கல்வி என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்றும் உண்டு. 1953-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாநிலத்தில் ஒரு கல்வித் திட்டம் வந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். கேட்பதற்குச் செய்து கற்றல் போலத்தான் தோன்றும். ஆனால் குயவர் மகன் பானையும், சலவைத் தொழிலாளி மகள் துணியும் என்றால், பிறப்பே பாடத்திட்டம் ஆகிவிடாதா? ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். விருதுநகரில் பிறந்து, சிறு வயதிலேயே படிப்பை விட்டுக் கடையில் வேலைக்கு நின்ற அவருக்கு, பள்ளியை இழப்பது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆகவே எங்கள் அம்மாச்சிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆயினும் முழு உண்மை இல்லை என்பது எங்கள் தாழ்மையான கருத்து. அவர்கள் கையைத் தேய்த்தது கையின் குற்றமன்று. ‘ஏன்?’ என்று கேட்க அவர்களுக்கு யாரும் இடங்கொடுக்கவில்லை; வேறு வேலையைத் தேர்ந்தெடுக்கவும் விடவில்லை. கேள்வி கேட்கலாம், விரும்பினால் விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம் என்றால் அது கல்வி. இரண்டும் இல்லையென்றால் அது வெறும் உழைப்பு. எங்களுக்குப் புரிந்த வேறுபாடு இவ்வளவே.

காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் கல்வி மாநாடு கூட்டி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது நினைத்ததும் இதையொட்டியதே. தக்ளி நூற்கும் குழந்தை நூலின் நீளத்தில் கணக்கையும், பஞ்சின் பயணத்தில் வரலாற்றையும் கற்க வேண்டும் என்றார். யார் வீட்டுக் குழந்தையானாலும் நூற்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். 1947-இல் திண்டுக்கல் அருகே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் அந்த வழியில் வந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு வருவோம். வன்னியம்பட்டியிலிருந்து ஒரு பக்கம் ராஜபாளையம், மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரம்; அடுத்து, வெட்கமில்லாமல் சொல்கிறோம், பால்கோவா! 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். பாலும் சர்க்கரையும்தான் பொருள். செய்முறையைக் கேட்டால் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அந்த இரண்டு வரியை நம்பி வீட்டில் செய்து பார்த்தவர்கள் அடிப்பிடித்த பாத்திரத்தோடு நிற்பார்கள். அடுப்படியில் துடுப்புப் பிடித்து நிற்கிற பெரியவர் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. துடுப்பு கனக்கும் கனத்தில், பால் ‘சளப் சளப்’ என்று கொதிக்கும் ஓசையில் பதம் தெரிந்துவிடும் என்பார். எத்தனை ஆண்டில் தெரிந்தது என்றால் சிரிப்பார்.

‘ஏன் விடாமல் கிண்ட வேண்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். “கிண்டாட்டி அடிப்பிடிக்கும்” என்பதுதான் விடை. அடியில் படிகிற புரதமும் சர்க்கரையும் சூட்டில் கருகுவதனால்தான் என்பதை எங்கள் அறிவியல் சொல்லும். பால் ஏன் பொங்குகிறது? மேலே ஏடாகப் படர்கிற கொழுப்பும் புரதமும் நீராவியை வெளியே விடாமல் தடுப்பதால். ஆக, அவர் கைக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது; எங்கள் நோட்டில் இருப்பது அவருக்குத் தெரியாது. அவரை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து வேதியியல் வகுப்பில் நிற்கவைத்தால் இரு பக்கமும் கற்கும். (பால்கோவாவும் மிஞ்சும் என்று ஒருத்தி இடையே எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டோம்.)

கையால் கற்பது குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் தொடங்கிய பள்ளியில் குழந்தைகள் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிக் கற்றார்கள். விரலுக்கு எழுத்து தெரிந்த பின் பென்சில் வந்தது. அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, குழந்தைகளோடு இருந்து தம் முறையை வளர்த்தார். அப்போது அவர் வயது எழுபதைத் தாண்டிவிட்டது என்பதை நாங்கள் அடிக்கோடிட விரும்புகிறோம்.

எங்களில் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்களுக்குச் செயல்வழிக் கற்றல் நினைவிருக்கும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழகமெங்கும் பரவிய முறை அது. பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை எடுத்து விளையாடியபடியே படிப்போம். சுவரின் அடிப்பகுதியில் எங்கள் உயரத்துக்குக் கரும்பலகை இருக்கும். அதில் எழுதுவது ஆசிரியர் அல்லர், நாங்கள்! பிறகு 2020-இல் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடின. பாடம் கைப்பேசித் திரைக்குள் போயிற்று. திரையில் விதை முளைப்பதைக் காட்டினார்கள். தேங்காய்ச் சிரட்டையில் மண்ணிட்டு மொச்சை ஊன்றிய தோழி ஒருத்தி மட்டும், விதையைக் கவிழ்த்து வைத்தாலும் வேர் வளைந்து கீழேதான் போகிறது என்று கண்டுபிடித்தாள். மற்றவர்களுக்கு வேர் என்பது ஒரு படம். அவளுக்கு அது பிடிவாதக்காரி.

பெரியவர்களுக்கு? இங்கேதான் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் பிறப்பதற்கு வெகு முன்பு, 1991-இல், அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறியாத பெண்களுக்கு மாலை வேளைகளில் தொண்டர்கள் எழுத்துச் சொல்லித் தந்தார்கள். அப்போதைய ஆட்சித் தலைவர் திருமதி ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அன்று பலர் கேட்டிருப்பார்கள். படித்த பெண் வீட்டு வாசலைத் தாண்டிப் போக முடியவில்லையென்றால், படித்ததை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பாள்? தொடர்பு அதுதான்.

கல்லுடைக்கும் பெண்களும், வயல்வேலை செய்யும் பெண்களும், பிள்ளை பெற்ற தாய்மாரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்கள். கேலி பேசியவர்கள் உண்டு. விழுந்தார்கள், முழங்கால் சிராய்த்தது, மறுநாளும் வந்தார்கள். 1992-இல் அனைத்துலக மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் அணிவகுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்களாம். சிலர் அதையே விரும்பினார்களாம். முன்னால் உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்பதற்காக! எந்தப் பாடநூல் எழுதுபவருக்கு இது தோன்றியிருக்கும்? செய்தவர்களுக்குத் தோன்றியது.

சைக்கிள் ஓட்டுவதைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் உலகில் ஒருவரும் இலர். விழப்போகிற பக்கமே முன்சக்கரத்தைத் திருப்ப வேண்டும் என்று எழுதிவைத்தால் படிப்பவருக்கு அச்சம்தான் வரும். உடம்புக்கு ஒரு முறை தெரிந்துவிட்டால் பிறகு மறப்பதில்லை. புதுக்கோட்டைப் பெண்கள் அதன்பின் பேருந்துக்காகக் காத்து நிற்கவில்லை. விளைபொருளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் ஏற்றினார்கள். கரும்பலகையின் முன் கூசிய ஒருத்தி, சைக்கிளில் ஒரு சுற்று வந்தபின் கூசாமல் எழுதியிருப்பாள் என்றே நாங்கள் நம்புகிறோம்.

எழுபதுக்கும் எண்பதுக்கும் மேல்? கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா என்ற மூதாட்டி 2018-இல், தம் 96-ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். எங்கள் வகுப்பில் அந்த மதிப்பெண்ணைக் கேட்டுப் பெருமூச்சு விட்டவர் பலர். 2020 மகளிர் தினத்தன்று குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருதும் பெற்றார்.

எனவே நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. பத்தாம் வகுப்பிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கைக்கு என்று இருக்கட்டும். தேர்வு மாதத்திலும் அதை எடுத்துவிட வேண்டாம். அந்த ஒரு மணியில் எங்களுக்கு ஊசி மட்டும் போதாது. திருப்புளியும் குறடும் வேண்டும். பெண்பிள்ளை என்றால் பூத்தையல், ஆண்பிள்ளை என்றால் மின்சார வேலை என்று பிரிப்பதும் பிறப்பைப் பார்த்துப் பாடம் வைப்பதுதானே? காமராசர் நீக்கியது அந்த வழக்கத்தின் ஒரு கிளையைத்தான். எங்கள் அண்ணன் தம்பியர் சட்டைப் பொத்தானைத் தாங்களே தைத்துக்கொள்ளட்டும். ஒழுகுகிற குழாய்க்கு நாங்கள் வாஷர் மாற்றுகிறோம். ஃபியூஸ் போனால் இருட்டில் உட்கார்ந்து அப்பா வரும்வரை காத்திருக்க எங்களுக்கு விருப்பமில்லை; மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத் தொட வேண்டும் என்பதை முதலில் யாராவது அருகில் நின்று கற்றுத்தரட்டும்.

அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் எங்களில் பலருக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைக்கும். எங்கள் அம்மாக்களில் எத்தனை பேருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று வகுப்பில் கேட்டோம். பாதிக்கும் குறைவாகவே கைகள் எழுந்தன. சனி, ஞாயிறுகளில் அந்தச் சைக்கிள் சும்மாதான் நிற்கும். அறுவடை இல்லாத நாளில் வன்னியம்பட்டிக் களத்துமேடும் சும்மாதான் கிடக்கும். பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வர நாங்கள் ஆயத்தம். சேலையை எப்படிச் செருகிக்கொண்டால் சக்கரத்தில் மாட்டாது என்பதை மட்டும் அம்மாக்கள்தாம் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.